கப்பல் வராத நாளுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி

2022 மார்ச்சில் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பால்தேத்தண்ணி நின்றுபோனது. கடைக்காரர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "பால்மா இல்லை, பிளேன்ரீ போடட்டா?" என்று கேட்டார், அவ்வளவுதான். 400 கிராம் பால்மாப் பெட்டி 790 ரூபாய்க்கு ஏறியிருந்தது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் கிடைக்கவில்லை. சில கிழமைகளில் எரிவாயுவும் முடிந்து, பிளேன்ரீயும் நின்றது. யாழ்ப்பாணத்தில் போரையும் பொருளாதாரத் தடையையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு நாடு முழுவதும் காசில்லாமல் போவது இப்படித்தான் இருக்கும் என்பது அந்தக் கடை வாங்கில் இருந்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு சாமானாக "இல்லை" ஆகிக்கொண்டு வரும்.

அந்த ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. மொத்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 51 பில்லியன் டொலர். செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு நிலைமை ஓரளவு திரும்பியது. எரிவாயு கிடைக்கத் தொடங்கியது, வரிசை குறைந்தது. தயார் செய்வதற்குச் சரியான நேரம் சாமான் கிடைக்கும் காலம்தான் என்பதால்தான் எழுதுகிறேன். தட்டுப்பாடு தொடங்கிய பிறகு சேர்ப்பவர் பக்கத்து வீட்டின் பங்கையும் சேர்த்து எடுக்கிறார். சாமான் தாராளமாகக் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர் யாருடைய பங்கையும் எடுப்பதில்லை.

இதைப் பற்றி முதல்முறையாக யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். காணி, கிணறு உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாடிவீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் பாதிக்கு மேல் செய்யலாம்.

முதல் வேலை: ஒரு கோப்பைத் தேநீரைப் பின்தொடருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். உங்கள் வீட்டில் காலையில் குடிக்கும் பால்தேநீர் எங்கேயிருந்து வருகிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இப்படி வந்தது: தேயிலை மலைநாட்டில் இருந்து, பால்மா நியூசிலாந்தில் இருந்து. சீனி கப்பலில், எரிவாயு கப்பலில். தண்ணீர் எங்கள் கிணற்றில் இருந்துதான், ஆனால் மோட்டர் இல்லாமல் மேலே வராது, மோட்டருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்தின் ஒரு பங்கு இறக்குமதி எண்ணெயிலும் நிலக்கரியிலும் இருந்து வருகிறது. தேயிலையை ஏற்றுமதி செய்யும் நாட்டில், ஒரு கோப்பைத் தேநீரில் எங்கள் கைக்குள் இருந்தது தேயிலை மட்டும்தான்.

பருப்புக் கறியையும் இப்படிப் பாருங்கள். மைசூர்ப் பருப்பு கப்பலில் வருகிறது. பாணும் கோதுமை மாவும் கப்பல்தான். முட்டை ஊரில் போடுவதுதானே என்று நினைப்போம், ஆனால் பண்ணைக் கோழியின் தீனிச் சோளம் போதாமல் போனதும் முட்டை குறைந்து, 2023இல் இந்தியாவில் இருந்து முட்டையையே இறக்க வேண்டி வந்தது.

இந்தத் தாள்தான் உங்கள் வழிகாட்டி. ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ஒரு கேள்வி: இது நின்றால் இரண்டாவது வழி என்ன? அந்த இரண்டாவது வழி கப்பலையும் மின்கம்பியையும் நம்பியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கைவிட்டுக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஒன்றுக்கு இரண்டு வழி இருக்கட்டும் என்கிறேன். நவீன வாழ்க்கை நமக்கு வசதி தரும்போது சத்தமில்லாமல் இரண்டாவது வழியை வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எனக்கு அதன்மேல் இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

தண்ணீர்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மேல்தாங்கி காலை பத்து மணிக்கே காலி. நல்ல தண்ணீர் நிறைந்த கிணறு முற்றத்தில் இருந்தது. ஆனால் கப்பியை மோட்டர் பூட்டிய வருடமே பழைய இரும்புக்கு விற்றிருந்தோம். கப்பி தொங்கிய மரமும் உக்கிப்போயிருந்தது. அம்மம்மா துலாவில் இறைத்த அதே கிணற்றில், வாளியில் கயிறு கட்டி, கிணற்றுக் கட்டில் சாய்ந்து இழுத்தோம். இரண்டாம் நாளே அம்மாவின் உள்ளங்கை உரிந்துவிட்டது.

எனவே கிணறு இருந்தால் ஒரு கப்பி, நல்ல கயிறு, இரண்டு வாளி. இந்த மாதமே. குழாய்த் தண்ணீரை நம்பியிருப்பவர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லீற்றர், சமையல் கழுவல் எல்லாம் சேர்த்து 15 லீற்றர் என்று கணக்குப் போட்டு, குறைந்தது மூன்று நாளுக்கு மூடியுள்ள பாத்திரங்களில் வையுங்கள். யாழ்ப்பாணக் கிணறுகளில் உப்பும் நைத்திரேற்றும் (உரத்தில் இருந்து தண்ணீரில் கலக்கும் பொருள்) கூடிய இடங்கள் உண்டு. உரம் போட்ட தோட்டங்களுக்கு அருகில் என்றால் ஒருமுறை தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அடுப்பு

2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. விலையை விடப் பெரிய பிரச்சினை, வெற்றுச் சிலிண்டரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வீதியில் காத்திருந்தது. ஆகவே இரண்டாவது அடுப்பு கட்டாயம்.

விறகு அடுப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு விஷயம் மட்டும்: மழைக்கு முன் விறகை வெட்டிக் கூரைக்குள் அடுக்குங்கள். ஈர விறகு எரிபொருளே இல்லை, புகை. தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை, பனை ஊமல் எதையும் குப்பையோடு போட்டு வீணாக எரிக்க வேண்டாம், அடுப்புக்கு வையுங்கள். ஊமலும் சிரட்டையும் நல்ல சூடு தரும்.

விறகு வாங்க முடியாதவர்களுக்கு மரத்தூள் அடுப்பைச் சொல்கிறேன். மரக்காலை பக்கத்தில் இருந்தால் தூள் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கும். பெரிய தகர வாளி ஒன்றின் பக்கத்தில், அடிமட்டத்தோடு சேர்த்து, போத்தல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வெட்டுங்கள். அந்தத் துவாரம் வழியாக ஒரு போத்தலைப் படுக்கையாக நடுப்பகுதி வரை விடுங்கள். வாளியின் நடுவில் இன்னொரு போத்தலை, படுத்த போத்தலின் முனையைத் தொடும்படி நிமிர்த்தி வையுங்கள். இப்போது சுற்றிலும் காய்ந்த மரத்தூளைப் போட்டு, ஒவ்வொரு கைப்பிடிக்கும் உலக்கையாலோ கட்டையாலோ இறுக்கி இடியுங்கள். இந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது, தளர்வாக இருந்தால் நடுவில் இடிந்து விழுந்து அணைந்துவிடும். விளிம்புவரை நிரம்பியதும் போத்தல்களை மெல்லச் சுற்றிச் சுற்றி வெளியே எடுங்கள். உள்ளே எல் வடிவத்தில் ஒரு புகைபோக்கி கிடைக்கும். கீழ்த் துவாரத்தில் சிறு சுள்ளியால் பற்றவைத்து, மேலே மூன்று கல்லோ கம்பியோ வைத்துப் பானையை ஏற்றுங்கள். ஒருமுறை அடைத்த தூள் சோறு, கறி, இரவுக்குச் சுடுதண்ணீர் எல்லாவற்றுக்கும் போதும். புகை வரும், அதனால் முற்றத்தில் மட்டும். மூடிய அறைக்குள் இதையோ கரியையோ எரித்தால் உயிருக்கே ஆபத்து.

மாடிவீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி. அரிசி பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, மூடியோடு பானையைப் பழைய கம்பளியிலோ வைக்கோல் நிரப்பிய பெட்டியிலோ புதைத்துவிடுங்கள். ஒரு மணிநேரத்தில் மிச்ச வேக்காடு தானாக நடக்கும். பயறு, கடலை என்றால் இரவே ஊறவைத்து இப்படிச் செய்யலாம். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் இதனால் குறிப்பிடத்தக்க நாள் கூடுதலாக ஓடியது, இன்றும் இப்படித்தான் செய்கிறோம்.

சோறு

இலங்கையில் ஆள் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 300 கிராம் அரிசி செலவாகும். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 36 கிலோ. இரண்டு மாத அரிசி என்றால் 70 கிலோவுக்குக் கிட்ட. ஒரே நாளில் வாங்க வேண்டாம். வழக்கமாக வாங்கும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று கிலோ கூட வாங்கிப் பழையதை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வையுங்கள். பீப்பாவில் வாங்கிய திகதி எழுதுங்கள். நன்றாகக் காய்ந்த அரிசி, இறுக்கமான மூடி, இடையிடையே காய்ந்த வேப்பிலை. வயல்காரர்களைத் தெரிந்தால் நெல்லாகவே வாங்கி வைப்பது இன்னும் நல்லது. உமியோடு இருக்கும் நெல்லில் பூச்சி அவ்வளவு வேகமாக ஏறாது.

அரிசியோடு பயறு, உழுந்து, கருவாடு, உப்பு, புளி, செத்தல் மிளகாய், தேங்காயெண்ணெய். நீங்கள் இப்போது சாப்பிடாத எதையும் சேர்க்காதீர்கள், அது கெட்டுப்போகும் வரை யாரும் தொடப்போவதில்லை. ஒடியலும் புழுக்கொடியலும் எங்கள் ஊரில் அம்மம்மா காலத்துச் சேமிப்பு. பனங்கிழங்கைக் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், இடித்தால் பிட்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் குடாநாடு இருந்தபோது பல வீடுகளில் பனை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தந்தது. இன்று அந்தப் பனைகளைத் தறித்த காணிகளில் மதில் கட்டியிருக்கிறோம்.

வளவு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே அடியாகத் தடைசெய்தது. மண்ணுக்கு நல்லது என்று நானும் அன்று சந்தோஷப்பட்டேன். நவம்பரில் தடையைத் தளர்த்தும்போது காலம் கடந்திருந்தது. பெரும்போக நெல் பெரிதாக வீழ்ந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஐம்பது வருடமாக யூரியாவைக் குடித்துப் பழகிய நிலத்தை ஒரு அறிவித்தலால் மாற்ற முடியாது. எருவும் பசளையும் சேர்ந்து மண் உயிர்க்கப் போகங்கள் பல வேண்டும். தொழில்மய விவசாயத்தின் பிடி கப்பலில் வரும் உரத்தில் இருக்கிறது என்று கேள்வி கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பிடியில் இருந்து மெல்ல மெல்லத்தான் வெளியே வரலாம், உங்கள் வளவிலும் அப்படித்தான்.

2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அன்று நட்ட மரவள்ளி கிழங்காக எட்டு, பத்து மாதம் செல்லும். அந்த யூலைப் பசிக்கு அது உதவவில்லை. ஆகவே பசி வருவதற்கு முன்னால் நட வேண்டியது: முருங்கை ஒன்று, வாழை இரண்டு, மரவள்ளித் தடி பத்து, ஓரமாக வத்தாளை. கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கம் வல்லாரையும் பொன்னாங்காணியும். கீரை விதைத்தால் 25, 30 நாளில் பிடுங்கலாம், அதனால் விதையை ஒரு போத்தலில் எப்போதும் வைத்திருங்கள், விதைக்கென்று ஒரு செடியைப் பிடுங்காமல் விடுங்கள். வீரியக் கலப்பின விதை அடுத்த தலைமுறையில் அப்படியே வராது, ஊர் விதையைத் தேடுங்கள்.

மரவள்ளியில் ஒரு கவனம்: தோலை முழுதாக உரித்து, மூடாமல் நன்றாக அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கைப்பான கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

ஒரு மூலையில் குழி வெட்டிச் சமையலறைக் கழிவையும் சருகையும் இன்றைக்கே போடத் தொடங்குங்கள். ஊர்க்கோழி நான்கு வைத்தால் மிச்சச் சோற்றிலும் கறையானிலும் அவை வாழும். பண்ணைக் கோழியைப் போல நாளுக்கொரு முட்டை போடாது. ஆனால் கப்பல் நின்றாலும் போடும்.

மருந்து

இதில் மட்டும் நான் பழைய காலத்தைப் புகழ மாட்டேன். 2022இல் மருந்து இல்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அன்ரிபயோட்டிக், இன்சுலின், தடுப்பூசி இவையெல்லாம் தொழிற்சாலை தந்த நன்மைகள், அவற்றுக்கு வளவில் மாற்று இல்லை. அழுத்தம், சீனி, இதயம், வலிப்பு, ஆஸ்துமா இவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால், டொக்டரிடம் நேராகவே கேளுங்கள்: ஒரு மாத மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி எழுதித் தர முடியுமா? இந்த மருந்து கிடைக்காவிட்டால் பதிலுக்கு எது? பதில் மருந்தின் பெயரை வணிகப் பெயரில் இல்லாமல் மூலப் பெயரில் எழுதி வாங்குங்கள். வில்லைகளை நீங்களாகப் பாதியாக்கிக் கூடுதல் நாட்களுக்கு நீட்ட வேண்டாம்.

இன்சுலின் வைத்திருக்கும் வீட்டில் மின்சாரம் போனால்: பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இரண்டுக்கும் இடையில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரச்சாக்கு. காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் உள்ளே வெளியை விடக் குளிர்ச்சியாக இருக்கும். மருந்தைப் பைக்குள் போட்டு நனையாமல் உள்ளே வையுங்கள். இது குளிர்சாதனப் பெட்டிக்குச் சமம் இல்லை, பாவனையில் இருக்கும் மருந்தை வெயிலில் இருந்து காப்பாற்றும் வழி மட்டும்.

காசு

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை இறங்க விட்டது. 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மகளின் கலியாணத்துக்கென்று வருடக்கணக்காக வங்கியில் சேர்த்தவர்களுக்கு, ஒரு ரூபாயும் குறையாமல் பாதி காணாமல் போனது. ஏப்ரலில் கொள்கை வட்டியை (மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்கு வைக்கும் வட்டி) ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள். மாறும் வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள் தவணையைப் பார்த்துத் திகைத்தார்கள்.

ஆகவே முதலில் கடன். மாறும் வட்டிக் கடனும் லீசிங்கும் இருந்தால் புதிதாக எதையும் வாங்கும் முன் அதைக் குறையுங்கள். சின்னத் தாள்களாக இரண்டு கிழமைச் செலவுக் காசு வீட்டில் இருக்கட்டும், மின்சாரம் இல்லாத இடத்தில் அட்டை வேலை செய்யாது. மிச்சத்தில் ஒரு பங்கை, எப்படியும் வாங்கப்போகும் நீடிக்கும் பொருளாக மாற்றுங்கள்: சவர்க்காரம், மண்வெட்டி, மாதவிடாய்த் துணி, பிள்ளைகளின் கொப்பி. கடதாசி இல்லாமல் அந்த மார்ச்சில் மேல்மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. சட்டத்துக்கு வெளியே டொலர் சேர்க்கும் வேலைக்குப் போக வேண்டாம், அதில் ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

வாகனமும் வெளிச்சமும்

2022 ஜூன் 27 இரவில் இருந்து யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வீட்டில் பெற்றோலைப் போத்தலில் ஒளித்து வைத்து எரிகாயப்பட்டவர்கள் இருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சைக்கிள் வாங்குங்கள். அதற்கு இரண்டு ரியூப், ஒரு ரயர், ஒட்டுப்பெட்டி, பம். ஒட்டுப்போட வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். 90களில் எங்கள் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும், நாங்கள் செய்தி கேட்போம். ஜாம் போத்தலுக்குள் கம்பியில் சிறு திரி, அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துப் பல்கலைக்கழகம் போனது. இப்போது சிறிய சூரிய விளக்கு மலிவாகக் கிடைக்கிறது, இரண்டு வாங்கி வையுங்கள். மண்ணெண்ணெய் வாங்கும் கவலையே இல்லை.

ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள்

நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு வீடு தனியாகச் செய்தால் செலவும் கூட, பயமும் கூட. 2022 யூனில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கொப்பி போட்டோம். பதினொரு வீடு. யாரிடம் கப்பியுள்ள கிணறு, யாரிடம் உரல், யாரிடம் ஓட்டோ, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் தனியாக முதியவர். ஓட்டோவின் தாங்கியில் இரண்டு லீற்றரை யாரும் தொடாமல் ஆஸ்பத்திரிக்கென்று வைப்பது என்று முடிவெடுத்தோம். யூலை முதல் கிழமை இரவு ஒன்றரை மணிக்கு அந்த இரண்டு லீற்றரில்தான் கடைசி வீட்டுத் தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்குப் போனாள். ஆண்குழந்தை. இரண்டரைக் கிலோ.

நீங்கள் மாடிவீட்டில் இருந்தால் உங்கள் மாடியில் இருந்து தொடங்குங்கள். "நெருக்கடி வந்தால்" என்று ஆரம்பித்தால் ஆட்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். ஒரு பிடி கீரையோடு போங்கள், பேச்சு தானாக வரும்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை

கடைசியாக, இதையெல்லாம் படித்ததோடு விடாமல் அடுத்த சனிக்கிழமை செய்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள் (இன்சுலின் உள்ள வீட்டில் மெயினை விட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டி தவிர மற்றதையெல்லாம் நிறுத்துங்கள்). எரிவாயுவை மூடுங்கள். கடைக்குப் போகாமல், வாகனம் எடுக்காமல், மறுநாள் காலை ஆறு மணி வரை இருங்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் பெரியவர்களை விட விருப்பமாகச் செய்வார்கள்.

எது இல்லாமல் தவித்தீர்களோ அதை உடனே எழுதுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் நெருப்புப்பெட்டி இல்லை, லைட்டரில் பற்றும் எரிவாயு அடுப்புக்குப் பழகியதால். திருவலை இருந்தது, அரிவாள் மொட்டை. அம்மாவுக்கு மட்டும்தான் விறகடுப்பில் சோறு வடிக்கத் தெரிந்தது. நெருப்புப்பெட்டி அடுத்த நாளே வந்தது. சோறு வடிக்க நானும் தம்பியும் பழக நான்கு சனிக்கிழமை சென்றது. உங்கள் தாளை அரிசிப் பீப்பாவின் மூடியில் ஒட்டி வையுங்கள், ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வாருங்கள்.